எரவானத்தில் செருகிய துணி

எண்பது வயதுப் பாட்டி ஒருவரிடம் வயசுக்கு வந்த கதையைக் கேட்டால் முதலில் வருவது சடங்குதான். தாய்மாமன் எத்தனை தட்டு சீர் கொண்டுவந்தார், சேலை என்ன கலர், தனியாக உட்காரவைக்கிற ஓலைக் குச்சை எந்த மூலையில் கட்டினார்கள், யார் கோபித்துக்கொண்டு பந்தியில் உட்காராமல் போனார் என்று அறுபது வருஷத்துக்குப் பிறகும் கணக்குப் பிசகாமல் சொல்வார். அது ஊர் பார்த்த கதை, ஊரே சேர்ந்து ஞாபகம் வைத்திருக்கிறது. அன்றைக்கு எந்தத் துணியைக் கொடுத்தார்கள், எப்படிக் கட்டச் சொன்னார்கள், எங்கே அலசினீர்கள், எங்கே காயப்போட்டீர்கள் என்று கேளுங்கள். குரல் இறங்கிவிடும். வாசல் பக்கம் ஒரு பார்வை போகும். அதற்குப் பிறகு அவர் சொல்வதை எந்த ஆல்பத்திலும் பார்க்க முடியாது.

1940-களுக்கும் 1980-களுக்கும் நடுவில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வயதுக்கு வந்த பெண்கள் மாதவிடாய்க்குக் கட்டிய அந்தத் துணியை எப்படிக் கையாண்டார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. சீர்வரிசைப் பட்டியல் நோட்டுப் புத்தகத்தில் மிஞ்சும். இது மிஞ்சாது.

கேட்பதற்கு முன்னால் சொல் தெரிய வேண்டும். ‘மாதவிடாய்’ பாடப்புத்தகச் சொல், ‘பீரியட்ஸ்’ பேத்தியின் சொல். இரண்டுக்கும் பாட்டியிடம் கதை கிடையாது. மதுரைப் பக்கமும் தெற்கேயும் ‘சமஞ்சுட்டா’, ‘ஆளாயிட்டா’, ‘குத்தவச்சுட்டா’, ‘சடங்காயிட்டா’ என்பார்கள். அக்கிரகாரத்தில் ‘திரண்டுட்டா’. அங்கே மாதாமாதம் அம்மா ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று குழந்தை கேட்டால், ‘காக்கா தொட்டுடுத்து’ என்பதுதான் பதில். யாழ்ப்பாணத்தில் ‘பெரியபிள்ளையாகிட்டாள்’, கொண்டாட்டத்துக்குப் பேர் ‘சாமத்திய வீடு’. மாதாமாதம் வருவதற்கு வீட்டுக்குத் தூரம், வீட்டு விலக்கு, தீட்டு, தூமை, முட்டு என்று எத்தனையோ பேர். இதில் தூமை என்ற சொல் வசவாகவும் ஆகிவிட்டதால் சில பாட்டிகள் அதைச் சொல்லவே மாட்டார்கள். ‘தலைக்கு ஊத்திக்கிட்டது’ என்று கேட்டால் யாருக்கும் கூச்சம் இருக்காது. ‘முழுகாம இருக்கா’ என்றால் கர்ப்பமாக இருக்கிறாள் என்று அர்த்தம் வந்ததே இதிலிருந்துதான். தூரம் முடிந்து முழுகுகிற குளியல் இந்த மாதம் இல்லை என்பதுதான் அந்தச் செய்தி. ஒரு பெண்ணுடைய உடம்புக் கணக்கு முழுவதையும் அந்தக் குளியலை வைத்தே ஊர் பார்த்தது.

வயதைக் கேட்டால் ‘பதினாலோ பதினஞ்சோ’ என்று முடித்துவிடுவார்கள். பிறந்த தேதியே சரியாகத் தெரியாதவர்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? அதனால் வயதைக் கேட்காமல் சுற்றி நடந்ததைக் கேட்கவேண்டும். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலுக்கு முன்னாலா பின்னாலா என்றால் 1964 டிசம்பர் பிடிபடும். எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி, அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. நடவு நேரமா அறுப்பு நேரமா, எந்த அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பு, இந்த மூன்றையும் சேர்த்தால் வருஷம் ஓரளவு தேறிவிடும். இன்றைய பிள்ளைகளைவிட அவர்கள் பிந்தித்தான் வயதுக்கு வந்தார்கள். சாப்பாடு குறைவு, உடம்பு உழைப்பு அதிகம், சிறு வயதில் அடிக்கடி வந்த காய்ச்சலும் பேதியும் சேர்ந்த விளைவு அது.

நூறு வருஷத்துக்கு முந்தைய பிராமணக் குடும்பத்துக் கதைகளில் இந்த வயது வேறு வகையில் முக்கியம். பெண் திரள்வதற்கு முன்னாலேயே கல்யாணம் முடிந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. முடியாத வீட்டில் முதல் தீட்டையே வெளியில் சொல்லாமல் மறைத்தார்கள். 1929-இல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கல்யாண வயது 14 என்றது. 1949-இல் அது 15 ஆனது, 1978-இல் 18 ஆனது. எனவே ஒரு சமூகத்தில் பந்தல் போட்டுக் கொண்டாடிய அதே செய்தியை இன்னொரு சமூகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு விழுங்கினார்கள். கொள்ளுப்பாட்டி ஒருத்திக்குச் சடங்கு நடக்கவில்லை என்று கேள்விப்பட்டால் அது வறுமையாகவும் இருக்கலாம், இந்தப் பயமாகவும் இருக்கலாம்.

இனி துணிக்கு வருவோம்.

நல்ல தீட்டுத்துணி என்பது பழைய பருத்தி. அம்மாவோ பாட்டியோ கட்டிக் கட்டி நைந்த கைத்தறிச் சேலை அல்லது அப்பாவின் பழைய வேட்டி. புதுத் துணியில் நெசவுக் கஞ்சி இருக்கும், நூல் முறுக்கு இறுக்கமாக இருக்கும். தண்ணீரை ஊற்றினால் மேலேயே உருண்டு ஓடும், உள்ளே இழுக்காது. நூறு முறை துவைத்த பருத்தியில் கஞ்சியும் போய், நூலும் தளர்ந்து, பஞ்சுபோல ஆகியிருக்கும். அதனால்தான் கிழிந்த சேலையை வீட்டில் யாரும் எறிய விடமாட்டார்கள். பெண்பிள்ளை வளர்கிற வீட்டில் மரப்பெட்டியின் அடியில் அப்படி நாலைந்து துணி மடித்து வைத்திருக்கும். அது எதற்கென்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் முறை ரத்தத்தைப் பார்த்ததும் அட்டை கடித்துவிட்டது, முள் கிழித்துவிட்டது, ஏதோ பெரிய வியாதி வந்துவிட்டது என்று அழுத சிறுமிகளின் வீட்டுப் பெட்டியிலும் அந்தத் துணி தயாராகத்தான் இருந்தது. துணியைச் சேர்த்து வைத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லையே என்பதுதான் என் பெரிய ஆற்றாமை.

சேலையின் முந்தியும் ஜரிகையும் கரையும் உதவாது, உரசும். நடு உடம்பைத்தான் எடுப்பார்கள். ஓரத்தில் பல்லால் கடித்து ஒரு கீறல் போட்டு, நூல் போகிற வாக்கில் இழுத்தால் நேராகக் கிழியும். கத்தரிக்கோல் வைத்தால் கோணும், பிசிறும் அதிகம். ஒரு முழ அகலம், ஒன்றரை முதல் இரண்டு முழ நீளம் ஒரு துண்டு. அதை நீளவாக்கில் மடித்து மடித்து நாலு விரல்கடை அகலத்துக்குக் கொண்டுவந்தால் ஆறிலிருந்து எட்டு மடிப்பு வரும். முன்னும் பின்னும் செருகுவதற்கு நுனிகளை மெல்லிதாக விட்டு, நடுவில் மட்டும் இன்னொரு சின்னத் துண்டை உள்ளே வைப்பது கைப்பழக்கம் உள்ளவர்களின் வேலை.

இதை எதில் நிறுத்துவது? ஜட்டி என்பது அந்தக் காலத்துக் கிராமத்துப் பெண்களில் பெரும்பாலோருக்குத் தெரியாத பொருள். இடுப்பில் ஒரு கயிறு கட்டுவார்கள். பாவாடை நாடா, சேலைக் கரையிலிருந்து கிழித்த பட்டை, சில வீட்டில் வெறும் நூல்கயிறு. துணியின் முன்நுனியைக் கயிற்றுக்கு உள்பக்கமாக விட்டு மேலே இழுத்து வெளிப்பக்கம் மடித்துவிட வேண்டும், பின்நுனியையும் அப்படியே. கோவணம் கட்டுகிற அதே முறை. உள்ளிருந்து வெளியே மடித்தால்தான் நடக்க நடக்க இறுகும். வெளியிலிருந்து உள்ளே செருகினால் பத்து அடி நடப்பதற்குள் நழுவும். பதினாலு பதினஞ்சு வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் அம்மா கிடையாது. அத்தை, சித்தி, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா இவர்களில் ஒருவர். வாயால் சொல்லாமல் தன் சேலைக்கு மேலேயே கட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரே தடவைதான் காட்டுவார். இந்தக் கயிறுகூட இல்லாமல், கொசுவத்தை உள்ளே இழுத்துச் செருகியே சமாளித்த பெண்களும் இருந்தார்கள். இருப்பதே இரண்டு சேலை என்றால் கிழிப்பதற்குத் துணி ஏது?

கட்டுவதில் தவறு நேர்வது மூன்று இடத்தில். மடிப்பு பட்டையாக இருந்தால் தொடையிடுக்கில் உரசிப் புண்ணாகும். காய்ந்த ரத்தம் துணியோரத்தை மட்டைபோல விறைப்பாக்கிவிடும். வயலில் நாள் முழுக்க குனிந்து நிமிர்கிறவளுக்கு இரண்டாம் நாளே தோல் கிழிந்துவிடும், தேங்காயெண்ணெய்தான் மருந்து. மடிப்பு ஒல்லியாக இருந்தால் பக்கவாட்டில் கசியும். கயிறு தளர்ந்தால் எல்லாமே போச்சு, இறுக்கினால் இடுப்பில் வரிவரியாகத் தடம் விழும். பல பாட்டிகளின் இடுப்பில் கறுத்த வளையம்போல ஒரு தடம் இருப்பது பாவாடை நாடாவும் இந்தக் கயிறும் வருஷக்கணக்காக அழுத்தியதால் வந்தது.

ஒரு மாதத்தில் மொத்தமாகப் போகிற ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிதான். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம் என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். எட்டு மடிப்புப் பருத்தி அதைத் தாங்கும். தாங்குகிறதே என்று காலையில் கட்டியதை ராத்திரி வரை வைத்திருப்பதுதான் பிரச்சினை. மாற்றுவதற்கு மறைவு வேண்டும். காட்டு வேலைக்குப் போகிற இடத்தில் மறைவு இல்லை, பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் இல்லை. நாளைக்கு இரண்டு தடவை மாற்றியதே அதிகம் என்று இருந்தவர்கள்தான் நிறையப் பேர். சடங்கு முடிந்ததும் படிப்பை நிறுத்தினார்களே, அதற்கு மாப்பிள்ளை பார்க்கிற அவசரம் ஒரு காரணம் என்றால் இந்தக் கக்கூஸ் இன்னொரு காரணம்.

அலசுவதில் ஒரு விதியை அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லோரும் கையில் வைத்திருந்தார்கள்: பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் கூடாது. ரத்தத்தில் இருப்பது புரதம். சூடு பட்டால் முட்டை வெள்ளைக்கரு இறுகுவது மாதிரி நூலுக்குள்ளேயே இறுகிக் கறை நின்றுவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஒரு கை கல்லுப்புப் போட்டு ஊறவைத்து, கசக்காமல் இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றி, செம்மை வெளுத்த பிறகுதான் சோப்போ சவுக்காரமோ. அது இல்லாத வீட்டில் அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீர், அல்லது உவர்மண். கடைசி அலசலில் தண்ணீர் நிறம் மாறாமல் வரவேண்டும். ராமநாதபுரம் மாதிரி உப்புத்தண்ணீர் ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. சோப்பு அந்தத் தண்ணீரில் நுரைக்காமல் பால் திரிந்ததுபோல் திரிந்து நூலிடையே படிந்துவிடும். துணி சுத்தமாகத் தெரிந்தாலும் விறைக்கும், ஈரத்தையும் இழுக்காது. அங்கே துணி சீக்கிரம் வீணாகும்.

ஒரு துணியை ஒழுங்காக அலச அரைக் குடம் தண்ணீராவது வேண்டும். தூரமானவள் கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாது, பொதுத்துறையில் இறங்கக்கூடாது. யாராவது இறைத்து எட்ட நின்று ஊற்றினால்தான் உண்டு. ஊற்றுகிறவளுக்கு எத்தனை பொறுமையோ அத்தனை சுத்தம். விடியற்காலை நாலு மணிக்கு, ஆள் நடமாட்டத்துக்கு முன்னால் கண்மாய்க் கடைசி மடைக்குப் போய் அலசிவிட்டு வந்ததைப் பாட்டிமார் ஏதோ சாமர்த்தியம்போலச் சொல்வார்கள். இருட்டில் கறை போனதா என்று கண்ணால் பார்க்க முடியாது, கையால்தான் தெரியும். ரத்தம் இருக்கிற இடம் வழுவழுப்பாக இருக்கும், போய்விட்டால் நூல் கரகரப்பாகக் கைக்குத் தட்டும். விரல் நுனியால் துணி முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிழிவார்கள்.

பிழிந்த துணி போகிற இடம்தான் எனக்குச் சொல்லித் தீராதது. வெயிலில் போடக்கூடாது, ஆம்பிளை கண்ணில் படக்கூடாது. சில ஊர்களில் பாம்பு பார்த்தால் நாகதோஷம் என்றும் பயமுறுத்தினார்கள். அதனால் கொடியில் சேலைக்கு அடியில், மாட்டுக்கொட்டகை மூலையில், வைக்கோல் போருக்குப் பின்னால், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூரையின் எரவானத்தில். ஓலைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் சுருட்டிச் செருகிவிட்டால் அடுத்த மாதம்தான் எடுப்பது. அங்கே வெயில் இல்லை, காற்று பாதிதான். பாச்சை, பல்லி, பூரான் எல்லாம் குடியிருக்கிற இடம். ‘உதறிட்டுக் கட்டு’ என்பது அந்தக் காலத்து அம்மாக்கள் மகளுக்குச் சொன்ன முக்கியமான அறிவுரை.

துணி கெட்ட பொருள் கிடையாது. நல்ல பருத்தி, பச்சைத் தண்ணீர், சோப்பு, உச்சி வெயிலில் நாலு மணி நேரம் என்று அதற்கு நேர்மையாகக் கொடுத்திருந்தால் அதைவிடத் தோலுக்கு இதமானது வேறில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரும் முழுசாகக் காய்ந்துபோவதும் கிருமியைக் கொல்லும். அரைகுறை ஈரத்தில் சுருட்டி இருட்டில் வைத்தால் பூஞ்சை வளரும். அரிப்பு, வீச்சத்தோடு வெள்ளைப்படுதல், தொடை முழுக்கப் படை என்று வருஷக்கணக்கில் அவதிப்பட்ட பெண்களை ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி வெந்தயம் தின்னவைத்தார்கள். சூடு உடம்பில் இல்லை, ஈரம் துணியில் இருந்தது. மறைத்து வைக்கச் சொன்ன வெட்கம்தான் அந்த வியாதியைக் கொடுத்தது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலைமை இன்னும் மோசம். வாரக்கணக்கில் வெயில் வராது. ஆறு துண்டு இருக்கிற பெண்ணுக்கே மூன்றாம் நாள் ஈரத்துணிதான். வீட்டில் கதகதப்பாகக் காய்ந்திருக்கிற ஒரே இடம் அடுப்படி. அந்த மூன்று நாளும் அவள் நுழையக்கூடாத இடமும் அதே அடுப்படி.

வண்ணாத்தியைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. பெண் வயதுக்கு வந்த செய்தி போனதும் அவர் ‘மாத்து’ கொண்டுவருவார், அதாவது உடுத்திக்கொள்ள வெளுத்த சேலை. முதல் தீட்டின்போது உடுத்தியிருந்த பாவாடை சட்டை அவரிடம் போகும். யாழ்ப்பாணத்திலும் இதே ஏற்பாடு, அங்கே சலவைத் தொழிலாளியைக் கட்டாடி என்பார்கள். ஊரில் எல்லோரும் தொட அஞ்சிய துணியை இந்தப் பெண்கள் கையால் எடுத்தார்கள். தலித் குடிகளுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் பெண்களோ ‘கண்டாலே தீட்டு’ என்று ஒதுக்கப்பட்டு அதே வேலையைச் செய்தார்கள். கூலி ராத்திரிச் சோறு, அறுப்புக் காலத்தில் களத்து நெல், சடங்கு வீட்டில் கொஞ்சம் அரிசி தேங்காய். அந்த வெளுப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. உவர்மண் கரைசலில் நனைத்த துணியை வெள்ளாவிப் பானைமேல் அடுக்கி ராத்திரி முழுக்க ஆவியில் அவிப்பார்கள். காரமும் கொதிநீராவியும் சேர்ந்தால் கிருமி ஒன்றும் தப்பாது. பிறகு பட்டப்பகலில் ஆற்று மணலில் விரித்துப் போடுவார்கள். எரவானத்தில் ஒளித்த துணியைவிட ‘தீட்டான’ கைகள் வெளுத்த துணிதான் சுத்தமாக இருந்தது. உங்கள் பாட்டியின் கதையை எழுதும்போது அந்த வண்ணாத்தி என்ன சொல்லியிருப்பார் என்றும் ஒரு வரி விட்டுவையுங்கள். அவர் வீட்டுப் பெண் சமைந்தபோது யார் மாத்து கொடுத்தார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

குச்சைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்றில் கட்டுவது. வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டு, வேப்பிலை செருகி, ஓர் இரும்புத் துண்டும் வைப்பார்கள். பாய், தட்டு, சொம்பு எல்லாம் தனி. ஒன்பது, பதினொன்று, பதினாறு என்று ஒற்றையோ இரட்டையோ அந்தந்தக் குடும்ப வழக்கப்படி நாள். முடிந்ததும் கீற்றைப் பிரித்துக் கொளுத்திவிடுவார்கள். வீட்டு வேலையிலிருந்து கொஞ்சம் ஓய்வு கிடைத்தது, வயிறார நல்ல சாப்பாடு கிடைத்தது, தோழிகள் வந்து பல்லாங்குழி ஆடினார்கள் என்று இனிமையாகச் சொல்கிறவர்கள் உண்டு, அதையும் மறுக்க வேண்டாம். ராத்திரி தனியாக நரி ஊளை கேட்டுக் கிடந்ததைச் சொல்கிறவர்களும் உண்டு. அது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் வயதுக்கு வந்ததால் தனிக்குடிசையில் படுக்கவைக்கப்பட்ட ஒரு சிறுமி, தென்னை மரம் முறிந்து குடிசைமேல் விழுந்து இறந்தாள். மதுரை மாவட்டம் கூவலாபுரத்தில் மாதாமாதம் பெண்கள் போய்த் தங்குகிற ‘முட்டு’ வீடு சமீப காலம் வரை செய்திகளில் வந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டுக்கு வந்தால் உளுந்தங்களிதான் எல்லோருக்கும் ஞாபகம். ஓர் ஆழாக்குக் கறுப்புத் தோல் உளுந்துக்கு ஒரு கைப்பிடி பச்சரிசி. உளுந்தை எண்ணெய் விடாமல் வாசம் வரும்வரை வறுக்கவேண்டும். தோல் கறுப்பு என்பதால் நிறம் தெரியாது, ஒன்றைக் கடித்துப் பார்த்தால் உள்ளே பொன்னிறமாக இருக்கவேண்டும். திருகையில் திரித்துச் சலித்துக்கொண்டால் மாவு. ஒன்றரை ஆழாக்குத் தட்டிய கருப்பட்டியை மூன்று ஆழாக்குத் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டவேண்டும், கருப்பட்டியில் மண் இல்லாமல் இருக்காது. அந்த நீர் ஆறிய பிறகு மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம் அடுப்பில் ஏற்றிக் கிளறுவது சுலபமான வழி. கொதிக்கிற நீரில் மாவைக் கொட்டினால் கைவராதவர்களுக்கு உருண்டை உருண்டையாக நின்றுபோகும். வெளியே வெந்து உள்ளே பச்சை மாவு இருக்கும், தின்றால் வயிறு உப்பும். தீ சிறிதாக, கை நிற்காமல், நல்லெண்ணெயைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக்கொண்டே போக அரை ஆழாக்குக்கு மேல் இழுக்கும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாமல், சட்டியோரத்தை விட்டுச் சுருண்டு, இழுத்த எண்ணெயைத் திரும்பக் கக்க ஆரம்பித்தால் இறக்கலாம். உருட்டி நடுவில் குழி பண்ணி அதிலும் எண்ணெய் ஊற்றித் தருவார்கள்.

கூடவே வெறும் வயிற்றில் பச்சை நாட்டுக்கோழி முட்டை. உடைத்த ஓட்டிலேயே நல்லெண்ணெய் நிரப்பி அதையும் குடிக்கவைப்பார்கள். இதைச் சொல்லும்போது முகம் சுளிக்காத பாட்டியே கிடையாது. முட்டையை வேகவைத்தே கொடுத்திருக்கலாம், பச்சை முட்டையால் பேதி வரும் ஆபத்து உண்டு. எள்ளில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் இருக்கின்றன, ஆனால் செக்கில் ஆட்டினால் இரண்டும் பிண்ணாக்கோடு போய்விடும். எண்ணெயில் மிஞ்சுவது கொழுப்பு. ஒரு மில்லி ரத்தத்தோடு சுமார் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதம் 40 மில்லி என்றால் 20 மில்லிகிராம். அதை ஈடுகட்ட முருங்கைக்கீரையும் கறியும் ஈரலும் வேண்டும். அந்த நாட்களில் கறி, மீன் கொடுத்தால் காத்துக்கருப்பு அண்டும் என்று அதைத்தான் முதலில் நிறுத்தினார்கள். சீராட்டிய அந்தப் பதினாறு நாளுக்குப் பிறகு களியும் கிடையாது, முட்டையும் கிடையாது. அடுத்த மாதத்திலிருந்து மற்றவர்கள் தின்று மிஞ்சியதுதான்.

பழைய பருத்தி ஒழிந்த கதையும் இதில் சேர்த்தி. 1970-களில் நைலக்ஸ் சேலையும் டெரிகாட்டனும் ஏழை வீடுவரை வந்தன. சீக்கிரம் காயும், கிழியாது, இஸ்திரி வேண்டாம். பெண்கள் ஆசையாக வாங்கினார்கள், அதில் தப்பில்லை. பத்து வருஷத்தில் மரப்பெட்டியின் அடியில் இருந்த துணியும் மாறிவிட்டது. செயற்கை இழை ஈரத்தை உள்ளே இழுக்காது, வழிய விடும், தோலை வேகவைக்கும். அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் வயதுக்கு வந்தவர்கள்தான் இரண்டும் கெட்டானாக மாட்டிக்கொண்டவர்கள். நல்ல பழைய துணியும் இல்லை, பேடு வாங்கக் காசும் இல்லை. கொஞ்சம் வசதியான வீட்டில் மெடிக்கல் ஷாப்பில் பஞ்சு ரோல் வாங்கி மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டார்கள். துணி சுற்றாமல் வைத்தால் பஞ்சு இழை பிரிந்து ஒட்டிக்கொள்ளும், நனைந்ததும் ஒரு பக்கமாக உருளையாகத் திரண்டுவிடும். பிறகு இரண்டு முனையிலும் வளையம் வைத்து, இடுப்பு பெல்ட்டில் மாட்டுகிற பேடு வந்தது. பழைய கயிறுதான், எலாஸ்டிக் ஆகியிருந்தது. ஒட்டுப்பசை வைத்த பேடு பரவலானபோது கூடவே ஜட்டியும் கட்டாயமானது. கோவையின் அருணாசலம் முருகானந்தம் குறைந்த விலையில் பேடு செய்யும் இயந்திரத்தை உருவாக்கியதும் (அவருக்கு 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது), 2011-இல் அறிவிக்கப்பட்ட புதுயுகம் திட்டத்தில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு அரசே இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததும், 2018 ஜூலையில் பேடுமீது இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியதும் இன்றைய பிள்ளைகளின் கதை.

பாட்டியிடம் கேட்கப் போகிறவர்களுக்குச் சில கைமுறைகள். ஆண்கள் வீட்டில் இல்லாத பிற்பகலில் கேளுங்கள். போனை நீட்டிப் பதிவு செய்தால் மீண்டும் சீர்வரிசைக் கதைக்கே போய்விடுவார், அனுமதி வாங்கிக்கொண்டு ஓரமாக வையுங்கள். ‘எப்படி இருந்தது, வருத்தமாக இருந்ததா’ என்று கேட்காதீர்கள், ‘என்னத்த, அப்பல்லாம் அப்படித்தான்’ என்று முடிந்துவிடும். பொருளைக் கேளுங்கள். எத்தனை துண்டு வைத்திருந்தீர்கள், என்ன சேலையில் கிழித்தது, கயிறு எது, சோப்பு இருந்ததா. ஒரு பழைய பருத்தித் துண்டைக் கையில் கொடுத்து மடித்துக் காட்டச் சொல்லுங்கள். கொடுத்ததும் முதலில் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார், பருத்தியா கலப்பா என்று. பிறகு மடியில் போட்டு, உள்ளங்கையால் நீவி, கரையை உள்ளே தள்ளி மடிப்பார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கற்ற கை அது, வாய் மறந்ததைக் கை மறந்திருக்காது. மடித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சும் வரும்.

முதல் மாதத்துக்குப் பிறகு ஐந்தாறு மாதம் வராமல் இருந்ததா என்றும் கேளுங்கள். முதல் ஒன்றிரண்டு வருஷம் ஒழுங்கில்லாமல் வருவது இயல்பு, முட்டை வெளியாவது சீராகவில்லை என்பதுதான் காரணம். அது தெரியாமல் ‘சடங்கு செஞ்சது வீணாப் போச்சா’ என்று வீட்டில் திட்டு வாங்கியவர்கள், கோயில் கோயிலாக மந்திரிக்க இழுத்துச் செல்லப்பட்டவர்கள் உண்டு.

கடைசியாக ஒன்று கேளுங்கள். முதல் துணியைப் பற்றி யாராவது எப்போதாவது கேட்டிருப்பார்கள். தூரம் அடியோடு நின்றுபோன பிறகு மிச்சமிருந்த துண்டுகளை என்ன செய்தீர்கள்? எரித்தால் கருப்பை வெந்துபோகும் என்று நம்பியவர்கள், பிள்ளை பெறும் வயது தாண்டிய பிறகும் எரிக்கத் துணியாமல் கொல்லையில் குழிதோண்டிப் புதைத்திருப்பார்கள். சிலர் இன்னும் ஆறு மாதம் பார்ப்போம், ஒரு வருஷம் பார்ப்போம் என்று பெட்டியிலேயே வைத்திருப்பார்கள். நன்றாகத் துவைத்து, முதன்முறையாக வெயிலில் விரித்துக் காயவைத்து, பேரப்பிள்ளைக்குத் தொட்டில் விரிப்பாகப் போட்டிருக்கவும் கூடும்.